மரப்பாலத்துத் திண்ணைகள்

எனக்குத் தெரிந்த சீன மொழி முழுவதும் மருத்துவமனை வார்டில் கற்றது. "எங்கே வலிக்கிறது?", "மெல்ல மூச்சை இழுங்கள்", "கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்", "பயப்படாதீர்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்." சிங்கப்பூரில் 26 ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தேன். முதியவர்கள் வார்டில் பாதிப் பேருக்கு மேல் சீனர்கள். அவர்கள் பேசிய மாண்டரின் காதில் விழுந்து விழுந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. எழுதத் தெரியாது. படிப்பதற்கு ஐம்பது அறுபது எழுத்துகள் தெரியும். இந்த மொழியை மட்டும் நம்பி 2024 அக்டோபரில் தென் சீனாவின் குவாங்சி, குய்சௌ மலைகளுக்கு மடக்கு மிதிவண்டியோடு தனியே போனேன்.

ஏன் அங்கே என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். பல வருடங்களுக்கு முன், ஒரு மூதாட்டியின் கட்டிலுக்கு அருகே ஒரு நாட்காட்டி தொங்கியது. அதில் ஆற்றின் குறுக்கே கூரை வேய்ந்த ஒரு மரப்பாலம். பாலத்தின் மேல் கோயில் விமானங்களைப் போல ஐந்து கோபுரங்கள். இரவுப் பணியில் அந்த அம்மாவுக்கு மருந்து கொடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். பாலத்துக்கு எதற்குக் கூரை என்ற கேள்வி மனதில் தங்கிவிட்டது. வேலையை விட்ட வருடமே, சிங்கப்பூரர்கள் விசா இல்லாமல் முப்பது நாள் சீனாவில் தங்கலாம் என்ற ஏற்பாடும் பிப்ரவரி 9 முதல் நடைமுறைக்கு வந்தது. பிறகு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

குவாங்சௌவுக்கு விமானம், அங்கிருந்து அதிவேக ரயிலில் குய்லின். மிதிவண்டியை மடக்கி உறையில் போட்டுக் கட்டியிருந்ததால் ரயிலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குய்லினைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. சீனாவின் 20 யுவான் நோட்டில் இருக்கும் லி ஆற்றுக் குன்றுகள் அந்தப் பக்கத்தவைதான். படத்தில் பார்ப்பதைவிட நேரில் அழகு. ஆனால் நான் வந்தது வடமேற்கே போகும் 321ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்காக. லோங்ஷெங், சான்ஜியாங் ஊர்கள் வழியாக மலைகளுக்குள் நுழைந்து குய்சௌ மாநிலத்துக்குப் போகும் பழைய சாலை அது. பக்கத்திலேயே விரைவுச்சாலை வந்துவிட்டதால் பெரிய லாரிகள் பெரும்பாலும் அங்கே போய்விட்டன. பழைய சாலை மோட்டார் சைக்கிள்களுக்கும் கோழிகளுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் மிஞ்சியிருக்கிறது.

முதல் நாளே ஏற்றம். சிங்கப்பூரின் மிக உயரமான இடமான புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான். வாரம் இரண்டு முறை அந்தப் பக்கத்துச் சாலையில் ஏறிப் பழகியிருந்தேன். இங்கே அதைப் போல ஐந்தாறு குன்றுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போல வளைந்து வளைந்து சாலை ஏறியது. லோங்ஷெங்கை ஒரே நாளில் எட்டும் எண்ணத்தைக் கைவிட்டு, வழியில் ஒரு சிற்றூரில் இரவு தங்கினேன். நல்ல முடிவு. மறுநாள் காலையில் மூங்கில் காட்டின்மேல் மூடுபனி விலகுவதைப் பார்த்துக்கொண்டே இறக்கத்தில் இறங்க முடிந்தது.

முதல் இரண்டு நாள்களில் எனக்குப் பெரிய குழப்பம் தந்தது வரைபடம். சிங்கப்பூரிலிருந்து தரவிறக்கிப் போன வரைபடத்தில், சாலையில் நிற்கும் என்னைக் காட்டும் நீலப் புள்ளி ஆற்றுக்குள் நின்றது. சீனாவின் வரைபடங்கள் சட்டப்படி வேண்டுமென்றே சற்று இடம் மாற்றிய ஆயத்தொலைவுகளில்தான் அமைய வேண்டும். அதனால் உண்மையான இடத்துக்கும் படத்துக்கும் சில நூறு மீட்டர் வித்தியாசம் வந்துவிடுகிறது. உள்ளூர் செயலியான காவ்தேக்கு மாறிய பிறகு புள்ளி சாலைக்குத் திரும்பியது. இந்தப் பக்கம் மிதிவண்டியில் போக நினைப்பவர்கள் புறப்படும் முன்பே அதை நிறுவிக்கொள்ளுங்கள்.

லோங்ஷெங்குக்கு மேலே இருக்கும் புகழ்பெற்ற அடுக்கு வயல்களுக்கு நான் போகவில்லை. சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. எனக்கு ஆற்றோரச் சாலையே போதும் என்று தோன்றியது. அங்கிருந்து சான்ஜியாங் வரை சுமார் அறுபது கிலோமீட்டர், ஆற்றைப் பிடித்துக்கொண்டே போகும் வழி. வாழ்க்கையில் நான் மிதித்த மிக அருமையான அறுபது கிலோமீட்டர் அதுதான்.

அறுவடைக் காலம். சாலையின் ஒரு பாதி நெல்லுக்கும் மிளகாய்க்கும் சொந்தம். அதோடு கோலிக்குண்டு அளவில் பழுப்பும் பச்சையுமாக ஒரு காய். வாசலுக்கு வாசல் பாயில் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். அது எண்ணெய்த் தேயிலை மரத்தின் காய். தேயிலைச் செடிக்கு நெருங்கிய உறவு; ஆனால் இலைக்காக வளர்ப்பதில்லை, விதையிலிருந்து சமையல் எண்ணெய் எடுக்கிறார்கள். காய்ந்து வெடிக்கும்போது மெல்லிய சத்தம் வரும். ஆளரவமற்ற சாலையில் மிதிவண்டியை நிறுத்தினால் இருபுறமும் அந்தச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஆளரவமற்ற என்று எழுதியது வெறும் வர்ணனைக்காக இல்லை. ஊர்களில் இருப்பவர்கள் பாட்டிகளும் தாத்தாக்களும் சிறு பிள்ளைகளும்தான். இடைப்பட்ட வயதினர் குவாங்டோங் மாநிலத் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்கு வருவார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் எழும்பிய மூன்று மாடி வீடுகள், மேல்மாடியில் பூச்சும் சன்னலும் இல்லாமல், அடுத்த வருடப் பணத்துக்காகக் காத்து நின்றன. என் வார்டில் பிள்ளைகளுக்காகக் காத்துப் படுத்திருந்த முகங்கள் நினைவுக்கு வந்தன. இங்கே அதே வயதுக்காரர்கள் முதுகில் பேரனைக் கட்டிக்கொண்டு நெல் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "யீ கெ ரென்?" ஒற்றை ஆளாகவா? ஆமாம் என்றதும் அடுத்தது, "சாப்பிட்டாயா?" மூன்றாவது, "இந்தியாவா?" சிங்கப்பூர் என்றால், என் முகத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வார்கள். சிங்கப்பூரில் தமிழர்கள் இருக்கிறோம், அங்கே தமிழும் அதிகாரத்துவ மொழி என்று வார்டு மாண்டரினில் விளக்க நான் புது வாக்கியம் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டேன். ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லி முடித்தேன். விடைபெறும்போது அவர்கள் சொல்வது, "மான் மான் சோவ்." மெல்லப் போ. நம் வீடுகளில் "பார்த்துப் போ" என்று சொல்வோமே, அதே குரல்.

ஒரு கசப்பையும் எழுதிவிடுகிறேன். வழியில் ஒரு நகரத்தில், இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்த விடுதியில் வெளிநாட்டவரைப் பதிவு செய்யத் தெரியாது என்று சொல்லி இடம் தர மறுத்துவிட்டார்கள். அப்படி மறுக்கக் கூடாது என்று சீன அரசு அந்த ஆண்டு மே மாதமே அறிவுறுத்தியிருந்தது. முகப்பில் இருந்த இளம்பெண்ணுக்கு அது தெரிந்திருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கால் வலியில் கண்ணீரும் வந்தது. மூன்று கடை தள்ளி நூடுல்ஸ் கடை நடத்தும் ஓர் அம்மா என்னைப் பார்த்தார். மேல்மாடியில் அறை இருக்கிறது என்றார். வெளிநாட்டவர் வீடுகளில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்பது விதி. அவர் அடுப்பை அணைத்துவிட்டு, மின் ஸ்கூட்டரின் பின்னால் என்னை உட்கார வைத்துக் காவல் நிலையத்துக்கே அழைத்துப் போனார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. திரும்பி வந்து முட்டை போட்டு அரிசி நூடுல்ஸ் செய்து தந்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

சான்ஜியாங் என்றால் மூன்று ஆறுகள். அது தோங் மக்களின் சுயாட்சி மாவட்டம். தங்களை அவர்கள் காம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் மொழி சீனத்தோடு சேராதது. தாய்லாந்தில் பேசும் தாய் மொழிக்கு உறவு. சான்ஜியாங்கிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் வடக்கே போனால் செங்யாங். நாட்காட்டிப் பாலம் அங்கே லின்சி ஆற்றின்மேல் நிற்கிறது. 1912இல் கட்டத் தொடங்கியது, சுமார் 64 மீட்டர் நீளம். கல் தூண்கள்மேல் பெரிய மரங்களை அடுக்கி, ஆணி இல்லாமல், கழுந்தும் துளையுமாகப் பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். இந்த வேலைக்குத் தோங் தச்சர்கள் வரைபடம் போடுவதில்லை. ஒரு மூங்கில் கழியில் அளவுகளைக் குறித்துக்கொண்டு, அந்தக் கழியை வைத்தே முழுப் பாலத்தையும் எழுப்புகிறார்கள்.

நான் போனது காலை ஏழு மணிக்கு. நுழைந்தவுடன் என் பழைய கேள்விக்குப் பதில் கிடைத்தது. பாலத்தின் இருபக்கமும், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, உட்காரும் பலகை. நம் ஊர்த் திண்ணை ஆற்றின்மேல் நீண்டு போனது போல இருந்தது. மக்கள் இதைக் காற்று மழைப் பாலம் என்றே அழைக்கிறார்கள். கூரை மரத்தைக் காக்கிறது என்பது உண்மை. ஆனால் பலகை யாருக்காக? வயலிலிருந்து சுமையோடு வருபவருக்கு, மழைக்கு ஒதுங்குபவருக்கு, ஊர்பேர் தெரியாத வழிப்போக்கருக்கு. முன்பெல்லாம் இப்படிப்பட்ட பாலங்களில் குடிக்கத் தண்ணீரும், தேய்ந்ததை மாற்றிக்கொள்ள வைக்கோல் செருப்பும் வைத்திருப்பார்களாம். என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்துச் சுமைதாங்கிக் கல்லைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்; சுமையை இறக்கி வைக்க யாரோ ஒருவர் நட்டுவைத்த கல். அந்தக் குணம்தான் இங்கே கூரையும் கோபுரமுமாக நிற்கிறது. அரை மணி நேரம் அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பெண்கள் கூடையோடு கடந்து போனார்கள், ஒருவர் தலையசைத்தார்.

செங்யாங்கில் தங்கிய வீட்டில் எண்ணெய்த் தேநீர் கொடுத்தார்கள். தேயிலையை எண்ணெயில் வதக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு வடிகட்டி, ஒரு கிண்ணம் பொரியின்மேல் ஊற்றுகிறார்கள். ஆமாம், பொரிதான். ஒட்டரிசியை வேகவைத்து உலர்த்தி எண்ணெயில் பொரித்தது. வறுத்த வேர்க்கடலையும் வெங்காயத்தாளும் மேலே. முதல் வாய் கசந்தது. இரண்டாவது கிண்ணத்தில் நாக்கு பழகியது. மூன்றாவதை நானே நீட்டினேன். கையில் ஒற்றைச் சாப்பாட்டுக்குச்சிதான் தருவார்கள். அதைக் கிண்ணத்தின் மேல் குறுக்கே வைத்தால் போதும் என்று பொருள். வைக்காதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மறுநாள் மேற்கே, குய்சௌ எல்லையைக் கடந்து தீபிங் என்ற ஊரை நோக்கிப் போனேன். பிற்பகலில் மழை பிடித்தது. ஊருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது பின் டயரில் காற்று இறங்கியது. லாரி டயரிலிருந்து உதிரும் மெல்லிய கம்பி ஒன்று குத்தியிருந்தது. மழையில் ஒட்டுப் போட முடியாது. தள்ளிக்கொண்டே போனேன். ஊரின் வாயிலில் பச்சை ஆற்றின்மேல், இதோ, இன்னொரு கூரைப் பாலம்.

பாலத்தில் ஏறி, பலகையில் பையை வைத்து, சக்கரத்தைக் கழற்றினேன். எதிர்ப் பலகையில் ஒரு பாட்டியும் எட்டு ஒன்பது வயதுப் பேத்தியும், ஒரு பெரியவரும். பாட்டிக்கு காம் மொழி மட்டும்தான் தெரியும். பேத்தி அவரை "சா" என்று அழைத்தாள். அவர்கள் மொழியில் பாட்டி. அவர்கள் வணங்கும் காவல் தெய்வத்துக்கும் அதே பெயர்தான். பாட்டி காமில் கேட்க, பேத்தி பள்ளிக்கூட மாண்டரினில் எனக்குச் சொன்னாள். "ஒற்றை ஆளாகவா என்று சா கேட்கிறாள்." "சாப்பிட்டாயா என்று கேட்கிறாள்." டியூபில் துளை எங்கே என்று காதருகே வைத்து நான் தேடிக்கொண்டிருந்தபோது, பெரியவர் எழுந்து, ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி, கூரை விளிம்பில் ஒழுகிய மழைத் தண்ணீரில் பிடித்தார். குமிழி வந்தது. விரலால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒட்டு காயும்வரை அவர் பாலத்தின் கதையைச் சொன்னார். 2004 ஜூலையில் வந்த வெள்ளம் இந்தப் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஊர் மக்கள் நின்று பார்த்து அழவில்லை, ஆற்றில் குதித்தார்கள். மிதந்து போன தூண்களையும் உத்தரங்களையும் ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி இழுத்தார்கள். பிடிக்க முடியாதவற்றைத் தேடிக் கரையோரமாகவே குவாங்சி வரை போனார்கள். மரங்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது. சில ஆண்டுகளில், அதே மரங்களை வைத்துப் பாலம் அதே இடத்தில் எழுந்தது. அவர் எழுந்து போய் ஒரு தூணைத் தட்டிக் காட்டினார். கருத்த, விரிசல் விட்ட மரம். அதை ஒட்டி நின்றது வெளிறிய புது மரம். எது ஆற்றில் போய் வந்தது என்று தொட்டாலே தெரிந்தது. அந்தத் தூணில் நான் வெகுநேரம் கை வைத்திருந்தேன். மூழ்கிப்போன ஒன்றுக்காக ஓர் ஊரே நீரில் இறங்கியிருக்கிறது. உயிரைக் காப்பாற்றும் வேலையில் இத்தனை வருடம் இருந்தவள் நான். அந்த ஓட்டம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

பாட்டி எழுந்திருக்க முயன்றபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது: "எங்கே வலிக்கிறது?" இத்தனை நாள் சோற்றுக்கும் வழிக்கும் அறைக்கும் தடுமாறிய என் மாண்டரின், அந்த ஒரு வாக்கியத்தில் தடையில்லாமல் ஓடியது. பேத்தி மொழிபெயர்த்தாள். இரண்டு முழங்காலும், படியேறும்போது, ஐந்து வருடமாக. தொட்டுப் பார்த்தேன், வீக்கம் அதிகமில்லை, சூடு இல்லை, தொடைத் தசை மெலிந்திருந்தது. பலகையில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தை மேல்நோக்கி மடக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்கும் பயிற்சியைக் காட்டினேன். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். பேத்தி உரக்க எண்ணினாள். ஐந்தாவது முறைக்கெல்லாம் பெரியவரும் தன் காலை நீட்டிக்கொண்டிருந்தார். அன்றிரவு அவர்கள் வீட்டிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டுச் சித்தி ஒருத்தி நான் வந்ததை முறைப்படி தெரிவிக்க ஏற்பாடு செய்தாள்.

கடைசி நாள் மலை ஏறி இறங்கி ஜாவ்சிங். அங்கே ஐந்து முரசுக் கோபுரங்கள், ஒவ்வொரு குடிப் பிரிவுக்கும் ஒன்று. சுற்றுலாக் கூட்டம் இருந்தாலும், பின் சந்துகளில் வாழ்க்கை தன் போக்கில் நடந்தது. அவுரிச் சாயத்தில் தோய்த்த துணியைக் கல்லில் மடித்து வைத்து மரச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். முட்டை வெள்ளைக்கரு பூசி அடித்து அடித்துத்தான் அந்த உலோக மினுமினுப்பு வருகிறது. நிமிடத்துக்கு நூறு அடி இருக்கும். இதயம் நின்றவருக்கு நெஞ்சழுத்தம் கொடுக்க எங்களுக்குச் சொல்லித்தந்த அதே தாளம்.

ஊரின் விளிம்பில், அறுத்து முடித்த வயலில் ஒருவர் முழங்கால் சேற்றில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்று நட்டதும் மீன்குஞ்சு விடுகிறார்கள். மீன் சற்று வளர்ந்ததும் வாத்துகளையும் இறக்குகிறார்கள். இரண்டும் களையையும் பூச்சியையும் தின்கின்றன, எச்சம் உரமாகிறது. பக்கத்து மாவட்டமான சோங்ஜியாங்கின் இந்த நெல் மீன் வாத்து முறையை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2011இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அறிவித்தது. அவர் பிடித்த கெண்டை ஒன்றை வைக்கோலில் சுட்டு, மிளகாயும் உப்பும் தொட்டுத் தந்தார். வரப்பில் உட்கார்ந்து தின்றேன்.

திரும்புவதற்கு, ஜாவ்சிங் பக்கத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது. குய்யாங்கையும் குவாங்சௌவையும் இணைக்கும் 857 கிலோமீட்டர் அதிவேகப் பாதை 2014 டிசம்பரில் திறந்தது. நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்ட தொலைவை ரயில் சுமார் ஒரு மணி நேரத்தில் முடித்தது. சுரங்கத்துக்கும் சுரங்கத்துக்கும் நடுவே ஒரு நொடி ஆறு தெரிந்தது, கரையில் நெல் காய்ந்த சாலை தெரிந்தது, மறுபடியும் இருட்டு.

டிசம்பரில் அந்தச் சித்தி ஒரு காணொளி அனுப்பினாள். பதினைந்து நொடி. பருத்திக் கோட்டுப் போட்ட பாட்டி பாலத்துப் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டியிருக்கிறார். பேத்தியின் குரல் எண்ணுகிறது, சற்று வேகமாக. இன்னும் மெல்ல எண்ணச் சொல்லிப் பதில் எழுதினேன். எதிர்ப் பலகையில் யாரோ ஒருவர் தலைக்குக் கோணிப்பையை வைத்துக்கொண்டு தூங்குகிறார். யார் என்று கேட்டேன். தெரியாது, வழியில் போகிறவர் என்று சித்தி எழுதியிருந்தாள்.